ஒரு வீட்டுக்கு ஒரு பேர்

காஜா பெராங்
14 அக்டோபர் 2603

தம்பிராஜாவுக்கு அக்கா கமலவேணி எழுதுவது.

நீ குருபோங் ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருக்கிறாய் என்று கருவாட்டுக்கார இப்ராஹீம் பாய் சொன்னார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் கருவாட்டுக் கூடைக்கு அடியில் வைத்துச் சைக்கிளில் கொண்டு வருகிறார். நாற்றம் அடித்தால் பொறுத்துக்கொள். உன்னால் எங்கள் பேர் நாறுவதற்கு அது எவ்வளவோ தேவலை.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி கோயில் திடலில் நீ செய்த காரியத்துக்குப் பிறகு உன் மச்சான் வெளியே தலை காட்டவில்லை. இந்திய விடுதலைப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க மூன்று மாதமாகச் சங்கத்துக்கு ஓடி ஓடி உழைத்த மனுஷர். ஊரே கூடியிருக்கிறது. அவர் மேடை ஏறி, "வீட்டுக்கு ஒரு பேரு கேட்டீங்க. இந்தா, என் மச்சான் தம்பிராஜா! பன்னெண்டு வருசமா முனியாண்டிக்குக் கெடா வெட்டுற கை! ஒரே வீச்சுக்காரன்! இனிமே இந்தக் கை வெள்ளைக்காரனை வெட்டும்!" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. உனக்கு மாலை போட்டார்கள், குங்குமம் வைத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். நீ என்ன செய்தாய்? மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "நான் துப்பாக்கி தூக்க மாட்டேன் மச்சான்" என்று சொல்லி இறங்கிப் போனாய். அது மைக்கில் கேட்டது. செமாபோக் வரைக்கும் கேட்டிருக்கும்.

நேற்றுச் சங்கத்துச் செயலாளர் சேதுராமன் வீட்டுக்கு வந்தார். பெஞ்சில் உட்காரக்கூட இல்லை. "தேவதாஸ், ஒங்க வீட்டுப் பேரை எழுதியாச்சு. மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு. தீபாவளிக்குள்ள ஆள் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் ஆம்பளை யார் இருக்கிறார்கள்? நீ ஒருத்தன். அவர் ஒருத்தர். விஜயா ஏழு வயதுப் பெண் பிள்ளை.

ஆடி மாதம் இருபது கிடாய் வெட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் வீட்டில் சோறு தின்றவனுக்கு இப்போது ரத்தம் என்றால் பயமா? வெட்கமாக இல்லை? வந்து சேர். நான் உனக்கு அக்கா. அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

கமலவேணி


குருபோங்
20.10.1943

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நீ போட்டிருக்கும் 2603 மச்சான் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும். ஜப்பான்காரன் வருஷக் கணக்கு எனக்குப் பழகவில்லை. நான் 1943 என்றே போடுகிறேன்.

எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். மேடையில் பேசவும் வராது. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவோடு இறங்கிவிட்டேன். மச்சானை அவமானப்படுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. அவரைக் கேட்டால் நான் அவர் மேல் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறேன் என்று சொல்வார்.

ரத்தத்துக்குப் பயமா என்று கேட்டாய். இல்லை. ஆனால் நான் எப்படி வெட்டுவேன் என்பது உனக்குத் தெரியும். கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்பித் துளுக்கினால்தான் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். துளுக்காத கிடாயை அப்பாவும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. ஒரு வருஷம் கங்காணி வீட்டுக் கிடாய் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. திருப்பி அனுப்பிவிட்டேன். கங்காணி என்னை அடிக்க வந்தார். ஆட்டுக்கே அப்படி என்றால், பர்மா எல்லையில் நிற்கிற எவனோ ஒருத்தன் எனக்கு எப்போது உத்தரவு கொடுத்தான்? அவன் அம்மா கொடுத்தாளா?

வெள்ளைக்காரன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. அவன் தோட்டத்தில் அப்பா என்ன பாடு பட்டார் என்று பார்த்துத்தான் வளர்ந்தேன். மனசார, சிரித்துக்கொண்டே படைக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்னால் முடியாது, அவ்வளவுதான். நாற்பத்தொன்றில் துரைமார் தொண்டர் படைக்கு ஆள் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். அப்போது மச்சான் என் முதுகில் தட்டி, "சபாஷ்டா, அவன் சண்டைக்கு நாம எதுக்குச் சாகணும்" என்றார். இப்போது கோபப்படுகிறார். நான் அதே இடத்தில்தான் நிற்கிறேன் அக்கா.

காயம்பட்டவனைத் தூக்கச் சொல்லட்டும், சமைக்கச் சொல்லட்டும், குழி வெட்டச் சொல்லட்டும், வருகிறேன். துப்பாக்கி மட்டும் வேண்டாம். மச்சானிடம் இதைப் படித்துக் காட்டு.

தம்பிராஜா


காஜா பெராங்
24 அக்டோபர் 2603

தம்பிராஜாவுக்கு,

படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஆடு உத்தரவு கொடுத்ததாம்! யாரிடம் சொல்கிறாய் இந்தக் கதையை? அப்பா காலத்திலிருந்து செம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். ஆடு துளுக்காவிட்டால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? கூட்டம் பார்க்காத மாதிரி அதன் காதுக்குள் ஊற்றுவாய். காதில் தண்ணீர் இறங்கினால் எந்த ஆடும் துளுக்கும். நாயும் துளுக்கும். நீயும் துளுக்குவாய். கங்காணி வீட்டுக் கிடாய்க்கு நீ ஊற்றாமல் விட்டாய். ஏன்? அவன் உன்னைக் கெட்ட வார்த்தை சொன்னான், அதனால். பெரிய தர்மவான் மாதிரி எனக்கு எழுதுகிறாய்.

பன்னிரண்டு வருஷம் சாமியையே ஏமாற்றினவனுக்கு, ஒரு வருஷம் சேதுராமனை ஏமாற்றத் தெரியாதா? போ, பயிற்சியில் நில், காக்கி போட்டுக்கொள். சண்டை வந்தால் வானத்தைப் பார்த்துச் சுடு. எவன் பார்க்கப் போகிறான்? கேட்கிறேன், பதில் சொல்.

இப்போது நடப்பதைக் கேள். நேற்று முன்தினம் உன் மச்சான் அலமாரிக்கு அடியிலிருந்து பழைய பூட்ஸை எடுத்துத் துடைத்தார். எதற்கு என்று கேட்டேன். "வீட்டுப் பேரு காலியா இருக்கக் கூடாது கமலா. நாந்தானே மேடையில சொன்னேன்" என்றார். நாற்பத்திரண்டு வயது. மழை வந்தால் இளைப்பு. பாசாருக்குப் போய் வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறவர். அவரைப் பட்டாளத்தில் எடுப்பார்களா என்று நினைத்தேன். இப்போதெல்லாம் யாரையும் எடுக்கிறார்களாம், தலை எண்ணிக்கை இருந்தால் போதுமாம்.

உனக்கு முப்பத்திரண்டு வயது. மரம் மாதிரி உடம்பு. பெண்டாட்டி பிள்ளை இல்லை.

காலில் விழச் சொன்னால் விழுகிறேன், ராஜா. வந்துவிடுடா.

கமலவேணி


குருபோங்
30.10.1943

அக்கா,

நான் துளுக்கினேன்.

நீ எழுதினது அத்தனையும் உண்மை. காதில்தான் ஊற்றினேன். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலையே அதுதான். அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

திடலில் எனக்கு மாலை போட்டார்கள். குங்குமம் வைத்தார்கள். சேதுராமன் பன்னீர்ச் செம்பை என் தலைக்கு மேல் சாய்த்தார். பன்னீர் காதுக்குள் இறங்கியது. உடம்பு சிலிர்த்துத் தலையை உதறினேன். உடனே அவர் மைக்கில், "பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாரு!" என்றார். ஜனம் கை தட்டியது. நீயும் தட்டினாய் அக்கா. முதல் வரிசையில் விஜயாவை மடியில் வைத்துக்கொண்டு தட்டினாய்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது நான் எத்தனை ஆட்டை இப்படி வெட்டியிருக்கிறேன் என்று. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன்களைப் பார்த்தேன். அவர்கள் கழுத்திலும் மாலை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இனி ஆட்டையும் வெட்ட மாட்டேன். முனியாண்டி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வானத்தைப் பார்த்துச் சுடு என்றாய். இரண்டு நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதெல்லாம் அதையேதான் யோசித்தேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் வானத்தைச் சுட்டால் என் பக்கத்தில் நிற்கிறவன் எனக்கும் சேர்த்துச் சுட வேண்டும். இல்லாவிட்டால் அவனைச் சுட்டுவிடுவார்கள். காக்கி போட்டு நின்றாலே அந்தக் கூட்டத்துக்கு நான் ஒரு கை. என் கை அதில் இருக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், நான் டவுனுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. நேராகச் சேதுராமன் ஆபீசுக்குப் போனேன். "மச்சானை விட்டுடுங்க. நான் சயாமுக்குப் போறேன், ரயில் பாதைக்கு. அங்க போனவன் திரும்பலேன்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்" என்றேன். கன்னத்தில் ஒன்று வைத்தார். "சயாம் வேற லிஸ்டு, படை வேற லிஸ்டு. நீ சயாம்ல போய்ச் செத்தாலும் ஒங்க வீட்டுப் பேரு இங்க காலியாத்தான் இருக்கும். துப்பாக்கி எடுக்கிறியா, இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போலீஸ்காரனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். பின்பக்கமாக ஓடி வந்துவிட்டேன்.

என் உயிரை வாங்கிக்கொண்டு அவரை விடுவார்கள் என்றால் கொடுத்திருப்பேன். அவர்கள் அதைக் கேட்கவில்லை. இதை நீ நம்பினால் போதும்.

தம்பிராஜா


காஜா பெராங்
9 நவம்பர் 2603

அவர் போய்விட்டார்.

நேற்றுக் காலை லாரியில் ஏற்றினார்கள். முப்பத்தொரு பேர். பேண்டு வாசித்தார்கள். லாரிப் படி உயரம், அவரால் ஏற முடியவில்லை. இரண்டு பையன்கள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். ஏறினதும் இருமினார், திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். விஜயா "அப்பா, பூட்ஸு பெருசா இருக்கு" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

போகும்போது ஒன்று சொன்னார். "ராஜா மேல எனக்குக் கோவம் இல்லேன்னு எழுது. அவன் சொல்றது எனக்குப் புரியல. ஆனா பொய் சொல்றவன் இல்ல அவன்." எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அது ஆறாது. நீ சேதுராமனிடம் அடி வாங்கினதைப் படித்தேன். ஒரு அடி. அதற்கு மேல் உனக்கு என்ன நஷ்டம்? உன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று என் தாலியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய்.

இனி எழுதாதே.


குருபோங்
5.2.1944

அக்கா,

எழுதாதே என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை.

இப்ராஹீம் பாய் மூலம் மரவள்ளிக் கிழங்கு அனுப்புகிறேன். சாக்கு ஒவ்வொரு தடவையும் வெறுமையாகத் திரும்பி வருகிறது. நீ எடுத்துக்கொள்கிறாய் என்று தெரிகிறது. அதுவே எனக்குப் போதும். விஜயாவுக்குக் காலில் சிரங்கு என்று பாய் சொன்னார். வேப்பிலை அனுப்பியிருக்கிறேன், அரைத்துப் போடு.

போன வாரம் இங்கே சோதனைக்கு வந்தார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என்னைத் தன் சொந்தக்காரன் என்று சொல்லிக் காப்பாற்றினார். ஆனால் லயத்து வீடுகளில் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இரண்டு வீட்டில் பிள்ளைகள் படைக்குப் போயிருக்கிறார்கள். அந்த அம்மாக்கள் என்னைப் பார்த்தால் காறித் துப்புகிறார்கள். நான் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். 

மச்சானிடமிருந்து கடிதம் வந்ததா? இளைப்பு எப்படி இருக்கிறது? ஒரே ஒரு வரி எழுது. அல்லது பாயிடம் வாயால் சொல்லி அனுப்பு.

தம்பிராஜா


காஜா பெராங்
11 செப்டம்பர் 1944

தம்பிராஜாவுக்கு,

உன் மச்சான் இறந்துவிட்டார்.

அவரோடு போன ஜெயபாலன் என்கிற பையன் ஒரு கால் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை அவன்தான் வந்து சொன்னான். ஜூலை மாதம், பர்மாவில், மழையில், பின்வாங்கி வருகிற வழியில். குண்டு பட்டு இல்லை. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், அதோடு இளைப்பு. "உக்காந்துட்டு வரேன், நீங்க போங்க"ன்னாராம். இவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் பின்னால் வந்தவர்கள் அவரை அதே மரத்தடியில் பார்த்தார்களாம், உட்கார்ந்தபடியே.

ஒரு வேட்டுக்கூடப் போடவில்லையாம். மூட்டை சுமந்தாராம், சமைத்தாராம், துப்பாக்கியைத் தூக்க முடியாமல் இன்னொருத்தன் தூக்கினானாம். நீ கேட்ட வேலையெல்லாம் அவருக்குக் கிடைத்திருக்கிறது, பார்.

நீ போயிருந்தால் திரும்பி வந்திருப்பாய். ஜெயபாலனைக் கேட்டேன். "நல்ல ஒடம்புக்காரங்க நெறையப் பேரு நடந்தே வந்துட்டாங்க அக்கா" என்றான். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, செய்தி வந்த பதினாறாம் நாளைக் கணக்கு வைத்து, கருமாதி. தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிச் சேலை வர வேண்டும். எனக்குப் பிறந்த வீடு என்று நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். சொல்ல வேண்டியது முறை, சொல்லிவிட்டேன். வா என்று கூப்பிடவில்லை.

கமலவேணி


குருபோங்
26.9.1944

அக்கா,

நான் வந்தேன். உனக்குத் தெரியும்.

கடையில் துணி ஏது? மண்டோர் சம்சாரத்திடம் ஒரு வெள்ளைச் சேலை இருந்தது. ஒரு வாரம் அவர்கள் தோட்டத்தில் கிழங்கு பிடுங்கிக் கொடுத்து வாங்கினேன். பெரிய ரோட்டில் வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று புக்கிட் காதில் கிராமத்துப் பக்கமாகச் சுற்றிக் காட்டு வழியில் நடந்து வந்தேன். உச்சி வேளைக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் தட்டினேன். நீ திறந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். சாத்திவிட்டாய். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. படியில் சேலையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சாத்த வேண்டியதுதான். நான் அதைக் கேட்க வரவில்லை.

நான் போயிருந்தால் மச்சான் உயிரோடு இருந்திருப்பார். இதைத் தினமும் காலையில் எழுந்ததும் எனக்கு நானே சொல்கிறேன். அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைக்க முடியாது. நாளைக்கு மறுபடியும் மேடையில் ஏற்றிக் கேட்டாலும் என்னால் துப்பாக்கியைத் தொட முடியாது. அவர் செத்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் முடியாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கெட்டவனா? நீதான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.

சேலையை எடுத்துக்கொண்டாயா? அதை மட்டுமாவது எழுது.

தம்பிராஜா


காஜா பெராங்
2 அக்டோபர் 1944

ராஜா,

எடுத்துக்கொண்டேன். அதைத்தான் கட்டியிருக்கிறேன்.

இது என் கடைசிக் கடிதம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கருமாதிக்கு நாலு நாள் முன்னால் சேதுராமன் துக்கம் கேட்க வந்தார். உன் மச்சானின் தியாகத்தைப் பற்றி நிறையப் பேசினார். எழுந்து போகும்போது மெதுவாக, "ஒங்க வீட்டுப் பேரு மறுபடியும் காலியாயிடுச்சேம்மா. தம்பி எங்க இருக்கான்னு தகவல் உண்டா?" என்று கேட்டார். பிணம்கூடப் பார்க்காத வீட்டில் நின்று கேட்கிறார். குருபோங் பக்கம் ஒருத்தன் இருப்பதாகக் காதில் விழுந்ததாம். எனக்கு அப்போது என்ன வந்தது என்று தெரியவில்லை. "அவன் செத்துட்டான் ஐயா. வைகாசியிலயே, வெசக் காய்ச்சல்ல. அவமானத்துல நான் வெளிய சொல்லல" என்றேன். அவர் நம்பவில்லை. கருமாதிக்கு வருகிறேன் என்றார்.

அதனால் காரியம் செய்ய வந்த பண்டாரத்திடம் இரண்டு இலை போடச் சொன்னேன். ஒன்று அவருக்கு, ஒன்று உனக்கு. உன் பேரைச் சொல்லித் தண்ணீர் விட்டார். விஜயா அழுதாள். மாமா செத்துப்போனது எனக்கு ஏன் தெரியாது என்று கேட்டாள். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை, சின்னப் பிள்ளை உளறிவிடும்.

இலையைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்தோம். சங்கத்துக் கைப்பட்டை கட்டின இரண்டு ஆளோடு சேதுராமன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் செத்தவன் கோடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான்! சாத்தாமல் என்ன செய்வேன்? "யாரும்மா?" என்று கேட்டார். "பிச்சைக்காரன்" என்றேன்.

இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே. இன்னொரு சாவைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

நீ கெட்டவனா என்று கேட்டாய். இல்லை. நீ செய்தது சரி. பதினொரு மாதம் உன் மேல் பழி போட்டு யோசித்துப் பார்த்தேன், கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. அவரை மேடை ஏற்றினது நான். நல்லாப் பேசுங்க, நம்ம வீட்டுப் பேர் முதலில் வரட்டும் என்று சொல்லி அனுப்பினதும் நான்தான். கை தட்டினதும் நான்தான். நீ ஒருத்தன்தான் சரியாகச் செய்தாய். அதற்காக உன் முகத்தை என்னால் பார்க்க முடியாது. நீ தப்புச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன், அக்கா இல்லையா. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சண்டை முடிந்தாலும் வராதே. பாயிடம் சொல்லிவிட்டேன், இனி உன்னிடமிருந்து எதுவும் வாங்க மாட்டேன் என்று. அவர் அழுதார். பேரை மாற்றிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போ. காஜா பெராங்கில் நீ இல்லை.

சேதுராமன் எப்படி நம்பினார் என்று கேட்பாய். இலை வைத்த இடத்துக்கே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். காக்காய் வந்தது. சுவரில் உட்கார்ந்து இரண்டு இலையையும் பார்த்தது. நேராக வந்து உன் இலையில் வாய் வைத்தது. அதற்குள் இன்னும் நாலு வந்து உன் சோற்றை முழுக்கத் தின்றுவிட்டன. சேதுராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரிதாம்மா, பாவம்" என்று சொல்லி லிஸ்டில் உன் பேரை அங்கேயே அடித்துவிட்டார்.

உன் மச்சான் இலையை எதுவும் தொடவில்லை. சாயங்காலம் வரைக்கும் நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கமலவேணி